நாடா இறுகும் இடம்

கார்த்திகை. ராத்திரி இரண்டே கால்.
ஆறாம் படுக்கை, கோவிந்தம்மா, வயது நாற்பத்திரண்டு,
ஒடுகத்தூருக்கு மேற்கே மலையடிவாரம்.
எட்டு நாள் காய்ச்சல், இரண்டு ஊசி, ஒரு மந்திரித்த கயிறு,
அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் ஆம்புலன்ஸ்,
அப்புறம் வேலூர், இந்தக் குழாய்.

கட்டில் காட்டும் எடை எழுபத்தொன்று.
நம்பக்கூடாது.
வழியில் இரண்டு ஆஸ்பத்திரி ஏற்றிய உப்புத்தண்ணீரும் அதில் சேர்த்தி.
நஸ்ரீன் அளவுநாடாவை எடுத்து
உச்சி முதல் குதிகால் வரை பிடிக்கிறாள்:
நூற்று ஐம்பது.
உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை,
அது உயரத்தோடு நின்றுவிட்ட ஒன்று.
ஒரு மூச்சுக்கு இருநூற்று அறுபது மில்லி,
இரண்டு கிளாஸ் டீ.
அதற்கு மேல் ஊதினால்
இரக்கம் இல்லை அது, காயம்.

ரத்த அழுத்தம் சரிகிறது.
இன்னொரு பாட்டிலுக்குக் கை தானாகப் போகிறது.
நான் பள்ளிகொண்டாக்காரன்.
பாலாற்று மணலில் எத்தனை குடம் கவிழ்த்தாலும்
ஆறு ஓடாது என்று கண்டவன்.
இப்போது இவள் ரத்தக்குழாய்தான் மணல்;
ஊற்றியதெல்லாம் கசிந்து
முகம் வீங்கி, கை வீங்கி
கடைசியில் நெஞ்சுக்குள் தேங்கும்.
பாட்டிலை வைத்துவிட்டு
நார்அட்ரினலினைக் கூட்டினேன்.
அறுபத்தைந்தைத் தொட்டது எண்.

எண் சொல்வதை விரலிடம் கேட்க வேண்டும்.
நடுவிரல் நுனியைப் பத்து எண்ணும்வரை அழுத்தி விட்டேன்.
புல்லறுத்த விரல், அரிவாள் தழும்பு குறுக்கே.
வெள்ளை.
வெள்ளை.
ஆறாம் நொடியில்தான் சிவப்பு வந்தது,
கடன்காரனுக்குக் கதவு திறப்பதுபோல்.

டெங்கு இல்லை. மலேரியா இல்லை.
வெளியே தசரதன், அவள் புருஷன்,
பிரிக்காத பன் பொட்டலத்தோடு.
"கண்ணு தொறந்துச்சா சார்?"
தூங்க வைத்திருக்கிறோம் என்றேன்.
பூச்சி எதனா கடிச்சுதா என்று கேட்டேன்.
"பூச்சி இல்லாத காடு எங்க சார் கீது.
நாலு ஆட்டுக்குப் புல்லு வேணும், போனா."

மூன்றரைக்கு ஆக்ஸிஜன் எண்பத்திரண்டு.
குப்புறப் படுக்க வைப்போம்.
ஐந்து பேர். ஜெபராணி தலைமாட்டில்,
குழாய் அவள் பிடியில்,
அவள் எண்ணினால்தான் யாரும் அசையலாம்.
கண்ணிமைக்கு டேப், நெற்றிக்குத் தலையணை.
ஒன்று, இரண்டு—

"டாக்டர், இங்க பாருங்க."

பாவாடை நாடா இத்தனை வருஷம் இறுகிய கோடு,
கறுத்துத் தடித்த தோல்.
அந்தக் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு.
உளுந்தளவு, பீடி சுட்டதுபோல், ஓரம் சிவந்து.

ஆறு மணி நேரமாக
நெஞ்சைக் கேட்டோம், வயிற்றைத் தட்டினோம், படம் எடுத்தோம்.
முதுகை யாரும் படிக்கவில்லை.
புதரிலிருந்து ஏறும் அந்தப் பொடி உண்ணிக்கு
துணி இறுகும் இடம்தான் ஊர் எல்லை:
இடுப்பு, அக்குள், மார்புக்கு அடி, தொடையிடுக்கு.
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

டாக்ஸிசைக்ளின். கூட அசித்ரோமைசின்.
முதல் மருந்துக்கு ஒரு டவுன்பஸ் டிக்கெட் விலை.
ஜெபராணி ஊசியைப் போட்டுவிட்டு
நேரத்தை எழுதினாள்: 3.52.
யாரும் கை தட்டவில்லை.
தொண்ணூறுக்கு ஏறிய ஆக்ஸிஜனை
நூறாக்கும் ஆசையையும் அடக்கிக்கொண்டோம்.

சிறுநீர்ப் பை நாலு மணிக்கு ஐந்து மில்லி.
ஐந்து மணிக்கு ஐந்து.
ஆறு மணிக்குப் பன்னிரண்டு.
இதை வைத்து தசரதனிடம் என்ன சொல்வது?
"இன்னிக்கு ராத்திரி தாண்டணும்" என்றேன்.
அவர் பன்னைப் பிரித்து, பாதியை என்னிடம் நீட்டினார்.

ஏழு மணி. ஏழாம் படுக்கைக்குப் புது ஆள்,
குடியாத்தம், ஐந்து நாள் காய்ச்சல்,
தானே மூச்சு விடுகிறார், கோபமும் படுகிறார்.
திரும்பிப் படுங்க ஐயா என்றேன். முறைத்தார்.
அரைஞாணைத் தளர்த்திப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
கையைத் தூக்கச் சொன்னேன்.